ஈரத்துணிக்குள்

துணியை அவிழ்க்க ஜெனூபாவுக்குக் கை வரவில்லை.

குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் அந்தச் சின்ன மூட்டை ஈரமாகக் கிடந்தது. உள்ளே ஒரு பிடி நெல். நனைத்து மூன்று நாளாகிறது. உயிர் இருந்தால் இதற்குள் முளைத்திருக்க வேண்டும்.

முன் மண்டபத்தில் அந்த நெல்லைத் தந்து வைத்த விவசாயி சின்னப்போடி உட்கார்ந்திருந்தார். ஆற்றைக் கடக்கும் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளம் வற்றி வழி திறந்ததும் தன் ஊரான சவளக்கடையிலிருந்து கிளம்பி வந்தவர். உம்மா கொடுத்த பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது.

"விதைச்ச வயலும் போயித்து, வீட்டுல வெச்சிருந்த விதையும் போயித்து பிள்ள," என்று வந்ததுமே சொல்லியிருந்தார். "நல்லவேளை, உங்கட்டக் கொஞ்சம் தந்து வெச்சன்."

அந்த நல்லவேளையைக் கேட்டதும் அவள் குசினிக்குள் வந்துவிட்டாள்.

உமி கறுத்த அந்த நெல் அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை.

கொழும்பில் பழைய ஏடுகளையும் புத்தகங்களையும் பாதுகாக்கும் கூடம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவள் ஜெனூபா. பூச்சி விழுந்த புத்தகம் வந்தால் பொலித்தீனில் இறுகக் கட்டி பிரீசருக்குள் வைப்பார்கள். பூச்சி சாகும். புத்தகம் பிழைக்கும்.

கல்முனைக்குத் திரும்பி, அழிந்துபோகிற நெல் வகைகளைச் சேர்க்கத் தொடங்கியபோது அவள் செய்ததும் அதுதான். விவசாயிகள் நம்பிக் கொடுத்த பைகளை ஒவ்வொன்றாகப் பொலித்தீனில் கட்டி பிரீசரில் அடுக்கினாள்.

போன கிழமைதான், விதை ஆராய்ச்சியில் இருக்கும் சிநேகிதி கிருசிகா தொலைபேசியில் கேட்டாள். "வடிவாக் காய வெச்சுப்போட்டுத்தானே உள்ளுக்க வெச்ச?"

ஜெனூபா எதையும் காய வைக்கவில்லை. நெல் கொடுத்த அந்தப் போகத்தில் எல்லோரும் மழைக்குள்தான் அறுத்தார்கள். ஈர நெல்லை அப்படி வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் உறைந்து முளையைக் கொன்றுவிடும் என்றாள் கிருசிகா.

புத்தகத்துக்கு உயிர் இல்லை. இத்தனை வருடத்தில் அதை அவள் யோசித்ததே இல்லை.

சின்னப்போடி வரப்போவதாகச் செய்தி அனுப்பிய அன்று அவள் வெளியில் இருந்தாள். உம்மாவிடம் சொல்லி அவருடைய பையை மட்டும் மேசையில் எடுத்து வைக்கச் செய்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிடி அள்ளி நனைத்தாள். அன்றிலிருந்து மூட்டை காயாமல் தண்ணீர் தெளித்து வந்தாள்.

மண்டபத்தில் அவர் செருமும் சத்தம் கேட்டது.

இன்னொரு நாள் வரச் சொல்லலாமா? வந்தாலும் என்ன சொல்வது?

பிஸ்மி சொல்லி முடிச்சை இழுத்தாள்.

வெள்ளை வெள்ளையாக நூல்கள்.

ஈரத் தாளில் இப்படி வெள்ளையைக் கண்டால் அது பூஞ்சணம்; அந்தத் தாளின் கதை முடிந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

பிறகு குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு நூலும் ஒரு நெல்லின் நுனியிலிருந்து வந்திருந்தது.

வேர்.

அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் துடைத்து எழுந்தாள். பையைக் கொண்டுபோய் இரண்டு கையாலும் கொடுத்தாள்.

சின்னப்போடி பையின் வாயைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். பையை மடியோடு அணைத்துக்கொண்டார்.

"உங்கட்ட நெல் தந்த வேலப்போடியும் மத்த ஆக்களும் பயந்துபோய் இருக்கிறாங்க," என்றார் படியிறங்கும்போது. "போய்ச் சொல்லுறன், எல்லாம் பத்திரமா இருக்கெண்டு."

அவர் போகும்வரை உம்மா குசினி வாசலிலேயே நின்றார்.

"ஏசிராத மகள்," என்றார். "நோன்புக்கு வாங்கின இறைச்சி வைக்க இடமில்லாம, நீ வெச்ச அண்டைக்கே அந்தப் பையை வெளியில எடுத்திட்டன். இவ்வளவு நாளும் அலுமாரிக்குள்ளதான் கிடந்த."

ஜெனூபா சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"மத்தப் பையெல்லாம் உம்மா?"

உம்மாவின் முகம் தெளிந்தது. மகள் ஏசவில்லை.

"அதுகள நான் தொடவேயில்ல மகள்," என்றார் ஆறுதலாக. "பிரீசருக்குள்ள நீ வெச்ச மாதிரியே இரிக்கி."