முப்பத்திரண்டு

மோட்டாரின் வேகம் காட்டும் திரையில் எண் முப்பத்திரண்டிலேயே நின்றது. ஃபோர்மேன் கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். அசைந்து கொடுக்கவில்லை.

மணி நாலேகால். மேலே அரங்கில் பிரிவு உபசார விழா நாலு மணிக்கே தொடங்கியிருக்க வேண்டும்.

சனிக்கிழமை என்பதால் அலுவலகமெல்லாம் பூட்டு. இன்று இந்தக் குளிரூட்டும் மெஷின் ஓடுவது அந்த அரங்குக்காக மட்டும்தான். பராமரிப்புப் பிரிவில் நூற்றைம்பது பேர். குடும்பத்தோடு வந்தால் முன்னூறு. அத்தனை உடம்புச் சூடும் குழாய்த் தண்ணீரில் ஏறிக் கீழே வந்தால், மோட்டார் தானாக வேகமெடுத்து நாற்பத்தைந்தைத் தாண்ட வேண்டும்.

தாண்டவில்லை. அப்படியானால் டிரைவ் பழுது.

'மாட்டினான்டா' என்று நினைத்துக்கொண்டார். உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது.

விழா டிரைவ்காரருக்குத்தான். பதினெட்டு வருஷம் கூடவே வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் பெட்டியை வாங்கியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதால் அந்தப் பெயர். இன்றோடு வேலையை விட்டுப் போகிறார்.

அந்தப் பெட்டி வரும்வரைக்கும் மோட்டாருக்கு ஒரே வேகம்தான். குளிர் போதுமென்றால் கம்ப்ரசரின் வாயில் இருக்கும் தகடுகளைச் சாத்திவிடுவார் ஃபோர்மேன். முழு மூச்சில் ஓடவிட்டு வாயை ஏன் பொத்த வேண்டும், வேகத்தையே குறைத்தால் என்ன என்று கேட்டார் டிரைவ்காரர்.

வேகத்தைக் குறைத்தால் வாயு திரும்பி அடித்து மெஷின் உறுமும், கெட்டுக் குட்டிச்சுவராகும் என்று நிர்வாகத்தின் முன்னால் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார் ஃபோர்மேன்.

பெட்டி வந்தது. மெஷின் ஒரு நாள்கூட உறுமவில்லை.

அதுதான் ஃபோர்மேனுக்குப் பொறுக்கவில்லை. மூன்று வருஷமாக டிரைவ்காரரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் தேநீர் நேரத்தில் விழாப் பேச்சு வந்தபோது, "நான் வரல" என்று மட்டும் சொன்னார். யாரையும் போகாதே என்று சொல்லவில்லை. அந்த விஷயத்தில் தன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

குழாயில் கை வைத்தார். சில்லென்றுதான் இருந்தது. வால்வுகளைப் பார்த்தார். சென்சாரையும் ஒரு தட்டு தட்டினார். எண் முப்பத்திரண்டுதான்.

சுவரில் இருந்த இன்டர்காம் அடித்தது. ரிசீவரை எடுத்தால், அரங்கிலிருந்து டிரைவ்காரர்.

"அண்ணே, நீங்க வராட்டிப் பரவால்ல. மெஷின் எத்தனையில ஓடுது? கடைசியா ஒரு தடவ கேட்டுக்கலாம்னுதான்."

மூன்று வருஷம் காத்திருந்த பதில் ஃபோர்மேனின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"முப்பத்திரண்டுல படுத்துக் கெடக்கு. உன் டிரைவ் காலை வாரிருச்சுப்பா."

மறுமுனையிலிருந்து வந்த குரல் அரங்கின் நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது.

"இல்லண்ணே, சரியாத்தான் ஓடுது. இங்க நானும் என் வீட்டுக்காரியும் மட்டுந்தான் இருக்கோம்."

ஃபோர்மேன் திரும்பினார். ஷிப்டில் இருந்த பன்னிரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள். துடைத்த பம்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்கள். விழாவுக்குப் போகச் சொல்லி நிர்வாகம் ஒரு மணி நேரம் விட்டிருந்தும் ஒருவரும் போகவில்லை. ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவுமில்லை. ஃபோர்மேனே போகாத இடத்தில் நமக்கென்ன வேலை என்று இருந்துவிட்டார்கள். மற்றவர்கள் வீட்டை விட்டே கிளம்பியிருக்க மாட்டார்கள்.

ஃபோர்மேனுக்கு ஒரே ஓட்டமாக மேலே ஓடி அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது?

ரிசீவரைப் பிடித்தபடியே நின்றார். இணைப்பு எப்போதோ அறுந்துவிட்டிருந்தது.

திரையில் முப்பத்திரண்டு முப்பதாக இறங்கியது.

இந்த முறை அவர் கண்ணாடியைத் தட்டிப் பார்க்கவில்லை.