மேசையில் இரண்டு தட்டு

“திரும்பாதண்ணா. பெரிய வேல இருக்கு, லேட்டாவும்” என்றாள் கீதாஞ்சலி.

குமரேசன் நாற்காலியைத் தங்கையிடம் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போய், மலையைப் பார்த்து நின்றுகொண்டான்.

வீட்டில் இருப்பது ஒரே கம்ப்யூட்டர். அதில் ஆடும் போர் விளையாட்டில் இருவருக்கும் ஆளுக்கொரு ராஜ்யம். அவள் முறையின்போது இவன் திரையைப் பார்த்தால் அவளுடைய படை எங்கே பதுங்கியிருக்கிறது என்று தெரிந்துபோகும். அதனால் ஒருவர் ஆடும்போது மற்றவர் ஜன்னலுக்குப் போய்விட வேண்டும். ஆடி முடித்தவர் மேசையை இரண்டு தட்டு தட்டினால்தான் திரும்பலாம்.

வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்த நாளிலிருந்து, மூன்று வருடமாக இதுதான் சட்டம். ஒரே ஒரு தடவை குமரேசன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டான். அவள் நாலு நாள் அவனோடு பேசவில்லை. இருபத்தாறு வயது ஆம்பிளை, ஐந்தாம் நாள் காலையில் தானே போய் மன்னிப்புக் கேட்டான்.

அவன் ரோமாபுரி. அவள் எகிப்து. கம்ப்யூட்டர் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை என்று தன் தலைநகருக்குத் தண்டராம்பட்டு என்று பெயர் வைத்திருந்தாள். பிரமிடு எழும்பியதும் தண்டராம்பட்டில்தான்.

பதினொரு நாளாக அவளுக்கு இதைத் தவிர வேறு உலகம் இல்லை. செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மூர்த்தியைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சொன்ன அன்றே அவள் வேலைக்குப் போவது நின்றது. அப்பா ராஜேந்திரன் போன் ஒயரைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். மூர்த்தி வேறு சாதி. அதற்குமேல் அந்த வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது.

இன்று காலை அப்பாவும் அம்மாவும் அவலூர்ப்பேட்டைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த மாப்பிள்ளை வீட்டில் தேதி குறிக்க.

கிளம்பும்போது அப்பா சொன்னார். “கண்ண எடுக்காம பாத்துக்கடா. எங்கனா கிளம்புனான்னா கேட்டே காட்டிக் குடுத்துடும்.”

அது உண்மைதான். அந்த இரும்பு கேட்டைத் தொட்டால் போதும், அது போடுகிற கிறீச்சில் நாலு வீடு தள்ளி நாய் குரைக்கும்.

குமரேசன் மலையைப் பார்த்தான். உச்சியில் ஒரு துண்டு மேகம். எதிர் வீட்டு மாடியில் யாரோ வேட்டி காயப்போட்டிருந்தார்கள்.

பின்னால் மவுஸ் சத்தம். பிறகு கீபோர்டில் சில எழுத்துகள், ஒவ்வொன்றாக. அப்புறம் ஒன்றும் இல்லை.

நாற்காலி மெல்ல நகர்ந்தது.

அவள் அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. பவுடர் வாசனை வந்தது. வீட்டில் இருக்கும்போது அவள் பவுடர் போடுவதில்லை.

கழுத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும், அவள் முகத்தைப் பார்த்துவிடலாம். பார்க்க வேண்டும் போல இருந்தது. ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

திரும்பவில்லை.

கேட் சத்தம் வரவில்லை. நாய் குரைக்கவில்லை. மேசையில் தட்டும் சத்தமும் வரவில்லை.

மாடியில் வேட்டி காய்ந்து பறக்கத் தொடங்கிவிட்டது. மெயின் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்து, நின்று, கிளம்பியது. அதன் சத்தம் சுத்தமாக அடங்கிய பிறகுதான் குமரேசன் திரும்பினான்.

நாற்காலி காலியாக இருந்தது.

திரையில் எகிப்து அப்படியே இருந்தது. ஒரு படையும் நகரவில்லை. தலைநகரின் பெயரை மட்டும் மாற்றியிருந்தாள். தண்டராம்பட்டு இருந்த இடத்தில், ஆங்கில எழுத்தில், ‘ஸாரி அண்ணா’ என்று இருந்தது.

அவன் அழுதான். முறையை முடிக்கும் பொத்தானை அழுத்தாமல், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

இரண்டு மணிக்கு அப்பாவும் அம்மாவும் திரும்பினார்கள். அம்மா பச்சையம்மாள் பின்கட்டு, மாடி, பாத்ரூம் எல்லாம் தேடிவிட்டு வந்து அவன் சட்டையைப் பிடித்தாள்.

“கேட்டு சத்தம் கூடவாடா கேக்கல உனக்கு?”

“கேக்கலம்மா” என்றான். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அப்பா, கேட்டைத் திறந்துவிட்டு வந்த தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு அறை வாசலில் நின்றார். விரல்கள் பளபளத்தன. மூக்கருகே கொண்டுபோனார். தேங்காய் எண்ணெய்.

நேற்றுச் சாயங்காலம் குமரேசன் எதையோ எடுக்க அலமாரியைத் திறந்தபோது, தங்கையின் சர்டிபிகேட் ஃபைல் இருந்த இடம் காலியாக இருந்தது. அவன் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம்கூட. இன்று காலை அப்பாவும் அம்மாவும் கிளம்பிப் போனதும், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனான். கீல், தாழ்ப்பாள் என்று ஓர் இடம் விடாமல் தடவினான். இது தெரியாமல் அவள், அண்ணனை ஏமாற்றிவிட்டோமே என்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதுகொண்டு போயிருப்பாள்.

அப்பா நிமிர்ந்து மகனைப் பார்த்தார். அவர் கை நீட்டினால் எப்படியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

குமரேசன் எழுந்து ஜன்னலுக்குப் போய், மலையைப் பார்த்து நின்றுகொண்டான்.