ஆஸ்டின் காரின் ஒழுகல்

மலாய் நாட்டு விடுதலை நாளான மெர்டேக்கா முடிந்த மறுவாரம். காஜா பெராங் தெரு வீட்டு வாசலில் இருந்தவர்கள்: ஏகாம்பரம் செட்டியார், மனைவி அலமேலு, மெக்கானிக் பொன்னுதுரை. கூடத்தில் பெட்டியோடு அவர்கள் மகள், பதினைந்து வயது உமையாள். இன்று கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் காரைக்குடியில் அவளுக்குக் கல்யாணம்.

ஆஸ்டின் காருக்கு அடியில் கறுப்பாக எண்ணெய் தேங்கியிருந்தது.

"சட்டுனு பாருப்பா. கப்பல் நிக்காது," என்று அலமேலுதான் விரட்டினாள்.

பொன்னுதுரை இஞ்சினைத் துடைத்து, கசிவு தெரிய முகப்பவுடர் தூவி, ஓடவிட்டார். பவுடர் எங்கும் நனையவில்லை. அளவுக்கம்பியில் எண்ணெயும் குறையவில்லை. ஒன்றும் விளங்காமல் தரையைத் தொட்டு முகர்ந்தார். நல்லெண்ணெய். அதில் அடுப்புக்கரி கலந்திருந்தது.

"என்னய்யா, ஓடுமா?" என்றார் செட்டியார்.

அலமேலு முந்தானையில் கரி ஒட்டிய கையைத் துடைத்தபடி பொன்னுதுரையையே பார்த்தாள். "சொல்லுப்பா. பொண்ணு படிப்பை விட்டுட்டு நிக்கிறா."

இப்போது பொன்னுதுரைக்கு விளங்கியது.

"ஓடாது செட்டியாரே. பாதி வழியில நின்னுடும்."

"சரி, நான் போயி டாக்சி கொண்டாறேன். அவளைத் தயாரா நிக்கச் சொல்லு."

"ஆகட்டுங்க," என்றாள் அலமேலு.

செட்டியார் தெருவில் இறங்கியதும் அலமேலு உள்ளே போய்க் கதவைச் சாத்தி உள்பக்கமாகப் பூட்டினாள்.