யோனாவும் இரண்டு புரோப்புகளும்

பிரசங்கம் தொடங்கியபோது நிஷானி பீடத்துக்குப் பின்னாலிருந்த சிறிய அறையில், தரையில் சப்பாணி கட்டி இருந்து, மின்சாரத்தைத் தொட்டு அளக்கும் இரண்டு புரோப்புகளில் எதை நம்பி உயிரைக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்று சிவப்பு. புத்தம் புதிது. ஆயிரத்து ஐந்நூறு வோல்ற் தாங்கும் என்று அதன் முதுகில் எழுதியிருந்தது. எழுதுவதற்கு மை இருந்தால் போதும்.

மற்றது சாம்பல் நிறம். ஏதோ ஓர் ஆய்வுகூடம் கழித்துவிட்டது. எழுத்தெல்லாம் தேய்ந்து, ஆயிரத்து முந்நூறு என்பது மட்டும் மிஞ்சியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருக்கும் எமில்ராஜ் இரண்டையும் கொடுத்து, போட்டுப் பார்த்து ஒன்றை எடுக்கச் சொன்னார். எது நல்லது என்று கேட்டாள்.

"நீர் உயிரோடை திருப்பிக் கொண்டு வாற சாமான்தான் நல்லது" என்றார்.

சாதாரண புரோப் இதற்குச் சரிவராது. அதன் ஒரு கால் எப்போதும் எர்த்தில் நிற்கும். இன்வேர்ட்டருக்குள் நானூறு வோல்ற் நிற்கிற இடத்தில் அந்தக் காலை வைத்தால் என்ன நடக்கும் என்பது நிஷானிக்குத் தெரியும். அளவெட்டியில் ஒரு மில்லில் அப்படிச் செய்துதான் புரோப் தொடுவதைத் திரையில் கோடாகக் காட்டும் தன் முதல் ஸ்கோப்பைப் பரலோகம் அனுப்பினாள். எரிந்த புருவம் திரும்ப முளைக்க ஒரு மாதம் சென்றது.

இந்தப் புரோப்புகளுக்கு எர்த் தேவையில்லை. இரண்டு இடங்களுக்கு நடுவில் என்ன வித்தியாசம் என்று மட்டும் பார்க்கும். வேறு வம்புக்குப் போகாது.

தேவாலயத்தின் சோலார் இன்வேர்ட்டர் பெட்டியைப் பொருத்தியது அவள்தான். நான்கு ஞாயிறாக அது பிரசங்கத்தின் நடுவில் நின்றுவிடுகிறது. கலியாணத்துக்கு நிற்பதில்லை. செத்தவீட்டுக்கும் நிற்பதில்லை. பிரசங்கத்துக்கு மட்டும் நிற்கிறது.

மைக், ஃபான், வெளிச்சம் எல்லாம் போனதும் போதகர் ஜெபரட்ணம் ஆசீர்வாதத்தைச் சொல்லிச் சனத்தை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதற்காகவே சிலர் ஞாயிறு தவறாமல் வரத் தொடங்கியிருந்தார்கள். ஆராதனை முடிந்து அவள் ஓடி வந்து பார்த்தால், பெட்டி ஒன்றும் அறியாத பிள்ளைபோல வேலை செய்துகொண்டிருக்கும்.

கதை சண்டிலிப்பாய் வரைக்கும் போய்விட்டது. அங்கே இரண்டு பேர் அவளுக்குச் சொல்லியிருந்த வேலையை வேண்டாம் என்றார்கள். தேவாலயச் செயலாளர் பிறேம் காலையில் வாசலிலேயே மறித்தார்.

"பிழை பெட்டியின்ரையோ உம்மடையோ எண்டு இண்டைக்குத் தெரிய வேணும்."

அதனால்தான் இன்று ஆராதனை நேரத்திலேயே உள்ளே வந்து இருந்தாள். இன்வேர்ட்டர் நின்றாலும் ஸ்கோப் நிற்கக்கூடாது என்று போதகர் வீட்டிலிருந்து அதற்குத் தனியாக வயர் இழுத்திருந்தாள். அறையில் அவளைத் தவிர மியூரியல் அம்மா மட்டும். போதகரின் மனைவி. முழங்கால் வருத்தம் என்பதால் கொஞ்ச நாளாக சனத்தோடு வாங்கில் இருக்காமல், இந்த அறைக் கதிரையில் இருந்தே பிரசங்கம் கேட்கிறார்.

இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் சிவப்புப் புரோப்பை மாட்டினாள். திரையில் கோடு மயிர்க்கொட்டிப் புழுபோல ஊர்ந்தது. அந்த மயிர் இன்வேர்ட்டருடையதா புரோப்புடையதா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

கழற்றிவிட்டுச் சாம்பலை மாட்டினாள். அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் ஒரு கோடு.

சாம்பல்தான். தேய்ந்தாலும் பொய் சொல்லவில்லை.

ஒலிபெருக்கியில், போதகர் சொல்லும் வேதாகமக் கதையில், யோனா கூலி கொடுத்துக் கப்பலில் ஏறிக்கொண்டிருந்தான். சிவப்பை மாட்டும்போதும் அவன் ஏறிக்கொண்டுதான் இருந்தான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. போதகர் இன்று ஆறுதலாகப் போகிறார் போலும்.

வெளிச்சம் போனது. ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் செத்தது. வெளியே யாரோ ஒருவர் நிம்மதியாக இருமினார்.

நிஷானி திரையைப் பார்த்தாள்.

கோடு அசையவில்லை. நானூறு வோல்ற், நேராக, அப்படியே. பெட்டி நிற்கவேயில்லை.

திரும்பினாள்.

மியூரியல் அம்மா எழுந்து நின்றார். அவருடைய கை சுவரிலிருந்த மெயின் சுவிட்சில் இருந்தது. களவு பிடிபட்ட முகமாக இல்லை. பொங்கி வழியப்போன பாலை அடுப்பிலிருந்து இறக்கிய முகமாக இருந்தது.

"சொன்னதை மறந்துபோய் மூண்டாம் தரமும் யோனாவைக் கப்பலிலை ஏத்தப் போறார், பிள்ளை" என்றார் மெல்ல. "சனம் கறண்டைப் பேசட்டும். அவரைப் பேச வேண்டாம்."



"அவர் ஓய்வுபெற இன்னும் ஆறு கிழமைதான் கிடக்கு" என்று தொடர்ந்தார்.

வெளியே போதகர் மைக் இல்லாமல் ஆசீர்வாதம் சொன்னார். ஒரு சொல்லும் தடக்கவில்லை. மியூரியல் அம்மா கடைசி ஆமென் வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டுக் கதிரையில் இருந்தார்.

பிறேம் வியர்வையைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"பிடிபட்டுதோ?"

திரையில் கோடு இன்னும் நேராக நின்றது. கர்த்தருக்கு நன்றி, பிறேமுக்கு ஸ்கோப் வாசிக்கத் தெரியாது.

"பிழை என்ரைதான், பிறேம் அண்ணை" என்றாள் நிஷானி. "எங்கை எண்டு பாக்க இந்த ரெண்டு புரோப்பும் காணாது. இதிலும் பெரிசு ஒண்டு வெளிநாட்டிலை இருந்து எடுப்பிக்க வேணும்."

"அது எவ்வளவு நாள் செல்லும்?"

நிஷானி சாம்பல் புரோப்பைக் கழற்றி வயரைச் சுற்றினாள்.

"ஏழு கிழமை."