பெரிய ‘ற’

“‘வன்மையாக எதிர்க்கிறோம்’னு அடி. வன்மைக்கு ரெண்டு சுழி ன. தெரியுமா, இல்ல அதையும் நானே சொல்லணுமா?”

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஜெராக்ஸ் கடை மேஜையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

“தெரியும் சார்,” என்றாள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவள்.

தெருவில் எல்லோருக்கும் அவள் பெயரே ஜெராக்ஸ்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் எதிரில் இருந்த பள்ளிக்கூடத்தை மூடினார்கள். அதோடு அவள் படிப்பும் மூடிக்கொண்டது. மூட வேண்டாம் என்று அப்போதும் ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு இதே தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒரு கையெழுத்துகூடத் தேறவில்லை.

இப்போது அந்தக் காலிக் கட்டடத்தில் வீடில்லாதவர்களுக்கு நாற்பது வீடு கட்டப்போவதாக நகராட்சி சொன்னதும், தெருவுக்கே பள்ளிக்கூடப் பாசம் பொங்கிவிட்டது.

“அறிவு வளர்த்த இடம். அங்க போய்க் கண்டவனும் சட்டி பானையோட குடியேறதா?” என்றார் செயலாளர். அவர் பிள்ளைகள் ஒரு நாள்கூட அந்த வாசலை மிதித்ததில்லை.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். தாள் வெளியே வந்தது.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்.”

“நான் சொன்னதை நானே படிக்கணுமா? பத்தாவதுகூடத் தாண்டாதவ எனக்குப் பாடம் எடுக்கிறா!” சர்ரென்று கையெழுத்தைப் போட்டார். “அப்படியே எல்லா வீட்டுலயும் வாங்கிட்டு வந்துடு. உனக்குத்தான் அது பழக்கமாச்சே.”

பக்கத்து அடுக்ககத்தில் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டிருந்தாள் அம்மா. மகள் கையில் தாளைப் பார்த்ததும் துணியை வாளியில் எறிந்தாள்.

“செயலாளர் குடுத்ததா? அந்த நாப்பதுல ஒண்ணுக்கு நாமளும் எழுதிப் போட்டிருக்கோம்டி! இந்த மாசக் கடைசியில ரூமைக் காலி பண்ணணும். உன் தம்பியை இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்? மூளையை அடகு வச்சிட்டியா?”

“வழியை விடும்மா.”

“நீ என் வயித்துலதான் பொறந்தியா?”

அவள் வாளியைத் தாண்டி மேலே ஏறினாள்.

முதல் மாடியில் வக்கீல்.

“படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க சார்.”

“பள்ளிக்கூட விஷயம்தானே? செயலாளரே போட்டிருக்காரு. நாள் பூரா படிக்கிறதுதான் என் பொழப்பு, வீட்டுலயுமா?” போட்டார்.

டாக்டர் அம்மா கதவுச் சங்கிலியைக்கூட எடுக்கவில்லை. இடுக்கு வழியாகக் கை மட்டும் வந்தது. “அந்த மாதிரி ஆளுங்க பக்கத்துல வந்துட்டா நிம்மதியாத் தூங்க முடியுமா, நீயே சொல்லு?”

அந்த மாதிரி ஆள்தான் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“படிச்சுப் பாத்துட்டு…”

“படிக்காததெல்லாம் வந்து படி படின்னு உயிரை எடுக்குது!” கையெழுத்து விழுந்தது. கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

ஒரு வாசல் விடாமல் அதையே சொன்னாள். ஒரு வாசலிலும் யாரும் படிக்கவில்லை.

கடைசி வீட்டில்தான் நேரமானது. அச்சகத்தில் பிழை திருத்துகிற அம்மா. தெருவில் யாரோடும் பேசாத சிடுமூஞ்சி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார். அவளுக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“நீ அடிச்சதா?”

“ஆமா.”

“சின்ன ர போட்டு வச்சிருக்கே. இங்க பெரிய ற வரணும்.”

சிவப்புப் பேனாவால் ஓர் எழுத்தைத் திருத்தினார். அதே பேனாவால் கையெழுத்தும் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

எழுத்தைத்தான் பார்க்கும், எழுதியிருப்பதைப் பார்க்காது இந்த ஜென்மம் என்று நினைத்தபடி அவள் இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

மறுநாள் பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். ஆட்சேபம் சொல்ல அதுதான் கடைசி நாள். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் மோவாயை முட்டப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா சுவரோரமாக, மகள் பக்கமே திரும்பாமல் நின்றாள்.

செயலாளர் பெருமையாக நீட்டிய தாளை நகராட்சி அதிகாரி வாங்கி உரக்கப் படித்தார். “இந்தத் தெருவில் குடியிருக்கும் நாங்கள், பள்ளிக் கட்டடத்தில் வீடில்லாத குடும்பங்களுக்கு வீடு கட்டித் தருவதை மனதார வரவேற்கிறோம்.” நிமிர்ந்து சிரித்தார். “இருபத்தாறு வீடும் போட்டிருக்கீங்க. ரொம்ப சந்தோஷம்.”

செயலாளர் பெஞ்சோடு எழுந்தார். “மோசடி! அந்தப் பொண்ணு மாத்தி அடிச்சிருக்கா! நாங்க படிக்காமப் போட்டுட்டோம்!”

“வாசலுக்கு வாசல் படிங்க படிங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேனே!” அவள் பெஞ்சுகளுக்கு நடுவில் வந்து நின்றாள். “இப்பச் சொல்லுங்க, யாரு சார் படிக்காதவங்க?”

அதிகாரி கையைத் தூக்கினார். “சரி. ‘படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்’னு ஆளுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க. இதைத் தள்ளுபடி பண்ணிடறேன்.”

வக்கீல் தன் செருப்பைப் பார்த்தார். டாக்டர் அம்மா கைப்பைக்குள் எதையோ தீவிரமாகத் தேடினார். பேனாவை மட்டும் ஒருவரும் வெளியே எடுக்கவில்லை.

“என்னய்யா எல்லாரும் வாயை மூடிக்கிட்டு?” செயலாளர் கத்தினார். “நம்மள்ல ஒருத்தராவது அதைப் படிச்சோமா?”

“நான் படிச்சேன்.”

கடைசி பெஞ்சிலிருந்து எழுந்தார் பிழை திருத்துகிற அம்மா.

“‘வரவேற்கிறோம்’ல ஒரு எழுத்து தப்பா இருந்தது. திருத்திட்டேன். மத்தபடி அதுல ஒரு தப்பும் இல்லை.”