ஆணியில் மிஞ்சியது

கந்தக வாடை வீசும் வெந்நீர் ஊற்றைச் சுற்றி அந்தக் கட்டடத்தை எழுப்பிய காலத்திலிருந்தே ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. குளித்துக் குளித்துக் கால் சரியானவர்கள், தங்கள் ஊன்றுகோலைச் சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட வேண்டும். சுவர் முழுக்கக் கோல்கள். நூற்றாண்டு விழாவுக்கு வெள்ளையடிக்கப் போவதால் அவரவர் கோலை எடுத்துக்கொண்டு போகலாம் என்று பேரூராட்சி அறிவித்தது.

காவலுக்கு இருந்த தில்லைநாயகி வாசலில் நின்று தடுத்துப் பார்த்தாள்.

"சும்மா வீட்ல வச்சுக்கத்தான்க்கா" என்று சிரித்தபடி முதலில் உள்ளே போனவர் இரும்புக்கடை பரமானந்தம். கோலை அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். படியில் இறங்கும்போது அதைத் தரையில் ஊன்றினார். தெருமுனை திரும்புகையில் அதன்மேல் சாய்ந்திருந்தார். பின்னால் வந்தவர்களும் அப்படியே போனார்கள். பொழுது சாய்வதற்குள் கடைத்தெரு முழுக்க டொக் டொக்கென்று கேட்டது.

சுவரில் ஒரே ஒரு கோல் மிஞ்சியது. சிறு பிள்ளையின் உயரத்துக்குச் செய்தது.

"இது யாரோடதுக்கா?" என்று கேட்டான் வெள்ளையடிக்க வந்த ஞானராசு.

"அது அங்கனயே இருக்கட்டும். சுத்தி அடிச்சுட்டுப் போ."

"அது நல்லாவா இருக்கும்?" அவன் கோலைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

தில்லைநாயகி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டாள். சேலைக்குள் இடது முழங்கால் மெல்லத் தளர்ந்தது. பிடித்துக்கொள்ள அருகில் வேறெதுவும் இல்லை.