மூக்கடியில் ஒரு விரல்

"இந்தக் குழந்தை உன்னோடது இல்லைம்மா."

பிக்குணி தங்கையிடம் சொன்னதும் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"பெத்தவகிட்ட சொல்ற பேச்சா இது? முதல் பிள்ளை தூக்கத்துலயே போயிடுச்சு. பக்கத்துல இவளும் தூங்கிட்டிருந்தா. இது பிறந்ததுலேர்ந்து இவ கண்ணையே மூட மாட்டேங்கறா. நாலு நல்ல வார்த்தை சொல்வீங்கன்னு தியான மடத்துக்குக் கூட்டிட்டு வந்தா..."

தங்கை எதையும் காதில் வாங்கவில்லை. மடியில் கிடந்த குழந்தையின் மூக்கடியில் விரலை வைத்தாள். மூச்சு பட்டது. எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"மூச்சை இறுக்கிப் பிடிச்சா உயிர் நிக்குமா? விட்டாத்தான் அடுத்தது வரும்," என்றார் பிக்குணி. "பிள்ளையை என்கிட்ட குடு. கொஞ்சம் படு."

"வேண்டாம். நான் தூங்கினா இதுவும்..."

தங்கை சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கீழே சாப்பாட்டு மணி அடித்தது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் அக்காவுக்குப் பசி.

"நீங்களும் போங்க. உச்சி தாண்டினா நாளைக்குக் காலைலதான் உங்களுக்குச் சோறாமே." படியில் இறங்கிக்கொண்டே, காதில் விழும்படி முணுமுணுத்தாள். "கல்லுக்கும் பசிக்கும் இல்லையா."

தங்கை எப்போது கண் அசந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

திடுக்கிட்டு விழித்தபோது மடி காலி.

அவள் போட்ட கூச்சலில் அக்கா தடதடவென்று மேலே ஓடி வந்தாள். சாப்பிட்டுவிட்டு அவளும் ஒரு தூக்கம் போட்டிருந்தாள். கன்னத்தில் பாய்த் தடம்.

ஜன்னலோரம் பிக்குணி. மடியில் குழந்தை. வெயில் எதிர்ச்சுவருக்கு ஏறியிருந்தது. பக்கத்தில் யாரோ கொண்டுவந்து வைத்த சோற்றுக் கிண்ணம், மூடி திறக்காமல்.

தங்கை பாய்ந்து போய்க் குழந்தையின் மூக்கடிக்குக் கையை நீட்டினாள். அங்கே ஏற்கெனவே ஒரு விரல் இருந்தது.

"மூச்சு வருது," என்றார் பிக்குணி மெதுவாக. எழுந்திருக்கப் பார்த்தார். கால் மரத்துப்போயிருந்தது.

அக்காவுக்குக் குரல் இறங்கிவிட்டது.

"எதையும் பிடிக்காதேன்னு சொல்லிட்டு... சாப்பிடக்கூடப் போகாம..."

"இவளோடது இல்லைன்னுதானே சொன்னேன்," என்றார் பிக்குணி, விரலை எடுக்காமலே. "என்னோடது இல்லைன்னு சொல்லலையே."